நிருபருக்கும் கல்வி வேண்டும்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் வயல் வட்டையொன்றிலே, கதிர் முற்றிய வெள்ளாமை ஓர் இரவு வெள்ளத்தில் அமிழ்ந்து போகின்றது என்று வைத்துக்கொள்வோம். குளத்தின் கதவுகள் எந்நேரம் திறக்கப்பட்டன? திறப்பதற்கு முன் கமக்காரருக்கு அறிவித்தல் கொடுக்கப்பட்டதா? எத்தனை ஏக்கர் அழிந்தது? நட்டஈடு யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடையாது? இக்கேள்விகளுக்கு விடை தேடிச் சேற்றிலும் சகதியிலும் செல்லும் ஒருவர் இருக்கின்றார். அவர் அரசாங்க உத்தியோகத்தரல்லர், பாராளுமன்ற உறுப்பினருமல்லர். அவரே எமது பிராந்திய நிருபர்.

அவர் எழுதி அனுப்பும் இருபது வரிகளே கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் அச்சேறுகின்றன. அவ்விருபது வரிகளில் ஒரு தொகை பிழைத்தாலும், ஒரு திகதி மாறினாலும், ஒரு பெயர் தவறினாலும் போதும். அப்பிழையையே காரணமாகக் காட்டி முறைப்பாடு முழுவதையும் தள்ளிவிட அதிகாரிக்கு வழி பிறந்துவிடும். கமக்காரனின் கண்ணீர் மெய்யே. எனினும் செய்தியிலுள்ள பிழை அக்கண்ணீரையும் பொய்யென்று ஆக்கிவிடுகின்றது.

இத்துணைப் பொறுப்பைச் சுமக்கும் அந்த நிருபருக்கு அத்தொழிலைக் கற்பித்தவர் யார்?

நோயாளியின் நாடியைத் தொடுமுன் வைத்தியர் ஆண்டுக்கணக்கிற் படிக்கின்றார். எம்முள் சட்டத்தரணிகளாய் இருப்போர் சட்டக் கல்லூரியிற் பயின்று, பரீட்சை எழுதி, மூத்தவர் ஒருவரின் கீழ் வேலை பழகிய பின்னரே மன்றில் எழுந்து நிற்கின்றோம். ஆசிரியருக்குக் கலாசாலை உண்டு. கமக்காரனுக்குங்கூட விதையும் பசளையும் பற்றிச் சொல்லித் தர விவசாயப் போதனாசிரியர் உண்டு. ஒரு மனிதனின் மானத்தையும், ஓர் ஊரின் அமைதியையும், ஓர் இனத்தின் வழக்கையும் நாள்தோறும் கையிலெடுக்கும் நிருபருக்கு மாத்திரம் பயிற்சி எதுவும் வேண்டியதில்லை என்று நாம் இருந்துவிட்டோம். அவருடைய மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் அவர் பணம். தொலைபேசிக் கட்டணமும் அவர் பணம். செய்தி பிரசுரமானால் ஒரு சிறு தொகை, பிரசுரமாகாவிட்டால் அதுவுமில்லை. இந்த நிலையில் நின்று எழுதுபவரிடம் பிழை காண்பது எளிது. அப்பிழையில் எமக்கும் பங்குண்டு என்பதை ஒப்புக்கொள்வதே கடினம்.

இவ்வாவிக் கரைக்குப் பத்திரிகைத் தொழில் புதிதன்று. 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகளாரை எம்மவர் யாழ் நூலின் ஆசிரியராகவும், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் போற்றுகின்றனர். அவர் பத்திராதிபராகவும் விளங்கினார் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். சென்னையிலே ‘இராமகிருஷ்ண விஜயம்’ என்னும் தமிழ் ஏட்டையும், பின்னர் இமயமலைச் சாரலிலே ‘பிரபுத்த பாரத’ என்னும் ஆங்கில ஏட்டையும் நடத்தியவர் அவர். கல்லடி உப்போடையில் பள்ளியை வளர்த்த கையே ஏட்டையும் திருத்தியது. கல்வி வேறு, பத்திரிகை வேறு என்று அப்பெரியார் கருதவில்லை. அவருக்குப் பின், மட்டக்களப்பு மண்ணின் மைந்தராகிய எஸ். டி. சிவநாயகம் அவர்கள் ‘சுதந்திரன்’ ஆசிரியராகவும், பின்னர் ‘தினபதி’, ‘சிந்தாமணி’ ஆகியவற்றின் ஆசிரியராகவும் இருந்து இந்நாட்டுத் தமிழ்ப் பத்திரிகையுலகில் அழியாத இடம் பெற்றார்.

அக்காலத்திலே பத்திரிகைக் கந்தோரே பள்ளிக்கூடமாய் விளங்கிற்று. இளைஞன் ஒப்புநோக்கும் மேசையில் உட்கார்ந்தான். மூத்தவர் தன் செய்தியை வெட்டுவதையும் திருத்துவதையும் கண்ணாற் கண்டான், ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டான், வசையும் வாங்கினான், தொழிலையும் கற்றான். இன்றைய பிராந்திய நிருபருக்கு அந்த மேசை இல்லை. அவர் வாகரையிலிருந்தோ வெல்லாவெளியிலிருந்தோ கைத்தொலைபேசியில் செய்தியை அனுப்புகின்றார். அது ஏன் வெட்டப்பட்டது, எங்கே மாற்றப்பட்டது என்று அவருக்குச் சொல்வார் எவருமில்லை. வேகம் வந்தது, குரு போனார்.

கந்தோர் இல்லாத குறையை ஒரு காலத்தில் மட்டக்களப்பு நகரிலிருந்த மூத்த பத்திரிகையாளரே தீர்த்து வைத்தனர். ஐயாத்துரை நடேசன் அவர்கள் வடமராட்சி நெல்லியடியிலே பிறந்து மட்டக்களப்பைத் தம் ஊராக்கிக் கொண்டவர், ‘வீரகேசரி’யில் எழுதியவர். 2004 மே 31ஆந் திகதி, வேலைக்குச் செல்லும் வழியில், மட்டக்களப்பு நகரிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். தருமரத்தினம் சிவராம் அவர்கள் 1959இல் மட்டக்களப்பிலே பிறந்தவர். ‘தராக்கி’ என்னும் பெயரில் ஆங்கிலத்தில் எழுதி நாட்டையே திரும்பிப் பார்க்கச் செய்தவர். ‘தமிழ்நெற்’ இணையத்தின் ஆசிரியர். 2005 ஏப்ரல் 28ஆந் திகதி பம்பலப்பிட்டியிற் கடத்தப்பட்டு, மறுநாள் பாராளுமன்றத்தை அண்டிய பகுதியிற் பிணமாகக் கிடந்தார். இருவர் கொலைக்கும் இன்றுவரை நீதி கிடைக்கவில்லை.

பதினொரு மாத காலத்துள் இரண்டு எழுதுகோல்கள் முறிக்கப்பட்டன என்று நாம் எழுதி வந்தோம். முறிந்தவை எழுதுகோல்கள் மாத்திரமா? இளம் நிருபர் ஒருவர் மாலையிற் சென்று, “அண்ணை, இதை எப்படி எழுதுவது?” என்று கேட்கும் வாசற் கதவுகளும் அன்றே அடைபட்டன. எஞ்சியோரிற் பலர் உயிருக்கு அஞ்சி நாட்டை விட்டு வெளியேறினர். ஒரு தலைமுறையின் அனுபவம் அடுத்த தலைமுறையின் கையிற் சேரவில்லை. கொலைஞர் கொன்றது மனிதரை. அவர்கள் இறுத்த இழப்போ ஒரு பள்ளிக்கூடம்.

இந்நிலையிலும் கிழக்கின் பத்திரிகையாளர் சோர்ந்து போகவில்லை. கிழக்கிலங்கைச் செய்தியாளர் சங்கமும், பின்னர் மட்டு ஊடக அமையமும் அச்சமும் வறுமையும் சூழ்ந்த நாட்களில் தொழிலாளரை ஒன்றுசேர்த்தன. ஆண்டுதோறும் மாண்டோர் நினைவாக விளக்கேற்றி, நீதி கோரி வீதியில் நின்றனர். 2020 ஜனவரியில், ஏழு ஊடகவியலாளரைக் குறித்து அச்சுறுத்தும் துண்டுப் பிரசுரம் மட்டக்களப்பிற் போடப்பட்ட பின்பும் அவர்கள் பின்வாங்கவில்லை. இத்துணிவுக்கு நாம் தலை வணங்குகின்றோம்.

தலை வணங்கியபின் ஒன்று கேட்கவும் விரும்புகின்றோம். தொழிலாளருக்குக் குரல் கொடுப்பதும், மாண்டோரை நினைவு கூர்வதும் சங்கத்தின் கடமையாயின், வரப்போகின்றவர்களை உருவாக்குவது யாருடைய கடமை? நடேசனுக்கும் சிவராமுக்கும் விளக்கேற்றும் கைகள், அவர்களைப் போல் எழுதத் தெரிந்த பத்துப் பேரை ஆக்கும் பணியையும் ஏற்க வேண்டும். சங்கம் ஒரு கல்விக் கழகமாகவும் வளரவேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

பல்கலைக்கழகங்கள் இருக்கின்றனவே என்பர் சிலர். உண்மை. கொழும்பிலே 2004ஆம் ஆண்டு முதல் இதழியற் கல்லூரியொன்று மும்மொழியிலும் கற்பித்து வந்திருக்கின்றது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை உண்டு. எமது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் தொடர்பாடலுக்கெனப் பீடமே உண்டு. இவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் இவை பெரும்பாலும் பட்டமோ டிப்ளோமாவோ நாடிவரும் மாணவருக்கானவை. மனைவி மக்களைக் காப்பாற்றிக் கொண்டு, பகலில் ஒரு தொழிலும் மாலையிற் செய்தியுமாய் ஓடும் கொக்கட்டிச்சோலை நிருபர் மூன்றாண்டு, நான்காண்டு வகுப்பிலே உட்கார முடியுமா? அவரிடத்துக்குக் கல்வி வரவேண்டுமேயன்றி, கல்வியிருக்குமிடத்துக்கு அவர் போவது நடவாத காரியம்.

பயிற்சிப் பட்டறைகள் நடந்தனவே என்பர் வேறு சிலர். நடந்தன. விடுதியொன்றில் இரண்டு நாள், மதிய போசனம், சான்றிதழ், குழுப்படம். வந்த விரிவுரையாளர் மூன்றாம் நாள் விமானமேறினார். அவர் சொன்னது பிழையென்றால் கேட்பதற்கும் ஆளில்லை. சரியென்றால் தொடர்வதற்கும் ஆளில்லை. ஒரு நாள் மழையில் வெள்ளாமை விளைவதில்லை. உழுது, விதைத்து, நீர்கட்டி, களை பிடுங்கி, காவலிருந்து பெறுவதே விளைச்சல் என்பதைப் படுவான்கரைக் கமக்காரனுக்கு எவரும் சொல்லித் தரவேண்டியதில்லை. செய்தித் தொழிலும் அத்தகையதே.

பிற நாட்டார் இதனை எவ்வாறு செய்தனர்? 1908ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகத்திலே பத்திரிகைத் தொழிலுக்கென ஒரு கல்லூரி திறக்கப்பட்டது. வகுப்புத் தொடங்கிய முதல் நாளிலேயே மாணவர் ஒரு பத்திரிகையை வெளியிட்டனர். கற்பதும் செய்வதும் ஒன்றே என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? நான்கு ஆண்டுகள் கழித்து, 1912இல், அந்நாட்டுப் பத்திரிகைக் கல்வி ஆசிரியர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். பாடத்திட்டம் எது, நூல்கள் எவை, நல்ல நிருபன் யாவன் என்று அவர்கள் ஆண்டுதோறும் கூடி விவாதித்தனர். தமிழகத்திலே சென்னைப் பல்கலைக்கழகம் 1947ஆம் ஆண்டிலேயே பத்திரிகைக் கல்வியைத் தொடங்கிற்று. 1963இல் இந்தியப் பத்திரிகை நிறுவகம் தோன்றித் தொழிலில் இருப்போருக்கே பயிற்சி கொடுத்தது. 1971இல் சிங்கப்பூரிலே ஆசியத் தொடர்பாடல் நிலையம் எழுந்தது; பல நாட்டு ஆசிரியரையும் பத்திரிகையாளரையும் அது ஒரு மேசையில் இருத்தியது; இன்று மணிலாவிலிருந்து இயங்குகின்றது. கற்பிப்போரும் தொழில் செய்வோரும் ஒரே சங்கத்தில் கூடியபோதே தொழில் உயர்ந்தது என்பதே இவற்றால் நாம் பெறும் பாடம். வந்தாறுமூலையில் விரிவுரையாளர் இருக்கின்றனர்; வாவியின் இரு கரையிலும் நிருபர் இருக்கின்றனர். இருவரையும் இணைக்கும் சங்கந்தான் இல்லை.

அத்தகைய சங்கம் எதைக் கற்பிக்க வேண்டும்? எமக்குத் தோன்றும் சிலவற்றை முன்வைக்கின்றோம்.

முதலாவது, சட்டம். ஜெயப்பிரகாஷ் திசைநாயகம் அவர்களின் வழக்கை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். எமது வாகரை மக்கள் பட்ட துயரைப் பற்றியும் 2006இல் அவர் எழுதிய கட்டுரைகளுக்காக, 2009 ஆகஸ்டில், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருபதாண்டுக் கடூழியச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. மறு ஆண்டில் மன்னிப்பு வழங்கப்பட்டதாயினும், எழுத்துக்கு இந்நாட்டில் என்ன விலை கேட்கப்படும் என்பதை அத்தீர்ப்பு உணர்த்திற்று. 2024ஆம் ஆண்டின் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு வந்து சேர்ந்திருக்கின்றது. எந்தச் சொல் எந்தப் பிரிவுக்குள் விழும், விசாரணைக்கு அழைக்கப்பட்டால் தமக்குள்ள உரிமைகள் யாவை என்பதை அறியாத நிருபரை நாம் எழுது எழுது என்று முன்னே தள்ளுவது, கேடயமின்றிப் போர்க்களத்துக்கு அனுப்புவதற்கு ஒப்பாகும்.

சட்டம் கேடயம் மாத்திரமன்று, அது ஆயுதமுமாகும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆந் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. இந்நாட்டுப் பிரசை எவரும் அரச அலுவலகத்திடம் தகவல் கேட்கலாம். ஏன் கேட்கின்றாய் என்று வினவ அதிகாரிக்கு உரிமையில்லை. எழுத இயலாதவர் வாயாற் சொன்னால் அதை எழுதிக்கொள்வது தகவல் அலுவலரின் கடமை. பதினான்கு வேலை நாட்களுள் முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேலே ஆணைக்குழு உண்டு. குளத்துக் கதவு திறந்த நேரமும், நட்டஈட்டுப் பட்டியலும், வீதி போட்ட ஒப்பந்தக்காரனின் கணக்கும் இவ்வழியாற் பெறக்கூடியவை. வாய்ப்பேச்சை எழுதும் நிருபரை மறுப்பது எளிது. கந்தோரின் சொந்தக் கடதாசியைக் காட்டி எழுதும் நிருபரை மறுப்பது எளிதன்று.

இரண்டாவது, காணியும் நீரும் கணக்கும். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைக்காக எமது பாற்பண்ணையாளர் 2023 செப்டெம்பரிற் சித்தாண்டியிலே போராட்டம் தொடங்கினர். அதற்கு முன்னைய மாதம், நிலைமையை நேரிற் காணச் சென்ற மதகுருமாரும் ஊடகவியலாளரும் வழிமறித்து முற்றுகையிடப்பட்டனர். உண்மையைக் காணவொட்டாது தடுப்பதில் எதிர்த்தரப்பார் எத்துணைக் கருத்தாய் இருக்கின்றனர் என்பதற்கு இது போதும். அக்காணி மகாவலி அதிகாரசபையின் வலயத்துள் எவ்வாறு வந்தது, எந்த வர்த்தமானி, எந்த வரைபடம், எந்த அமைச்சின் கையொப்பம் என்பனவற்றைப் படித்தறியும் பயிற்சி நிருபருக்கு வேண்டும். பசு செத்தது என்ற செய்தி ஒரு நாளில் மறக்கப்படும். பசு மேய்ந்த தரை யாருடையது என்பதை ஆவணத்தோடு எழுதினால் அச்செய்தி நீதிமன்றம் வரை நிற்கும்.

மூன்றாவது, அயலாரோடு நேர்மை. வாவிக் கரையிலே தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் கோத்த மணிபோல் அடுத்தடுத்து இருக்கின்றன. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் 3ஆந் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தோர் கொல்லப்பட்டனர். செப்டெம்பர் 9ஆந் திகதி சத்துருக்கொண்டானிலே தமிழ்க் குடும்பங்கள் கொல்லப்பட்டன. ஆறு வாரங்களுள் நிகழ்ந்த இவ்விரு கொடுமைகளையும் ஒரே அளவுகோலால் அளந்து, ஒரே நேர்மையோடு எழுதத் தெரிந்தவரே இம்மண்ணின் நிருபராவார். தன் ஊரின் பிணத்துக்கு ஒரு சொல்லும், அயலூரின் பிணத்துக்கு வேறு சொல்லும் தேடுபவர் செய்தி எழுதவில்லை. அடுத்த கலகத்துக்கு விறகு அடுக்குகின்றார். ஆதலால் இச்சங்கத்தின் வகுப்பிலே ஏறாவூர் நிருபரும் செங்கலடி நிருபரும், காத்தான்குடியாரும் ஆரையம்பதியாரும் ஒரே வாங்கில் உட்கார வேண்டும்.

கையிலே தொலைபேசி இருக்கும் எவரும் இன்று செய்தியாளர்தாமே, இனி நிருபர் எதற்கு, கல்வி எதற்கு என்று கேட்போரும் உளர். அக்கேள்விக்கு விடை மேலே சொன்னதிலேயே உண்டு. வதந்தி முன்னர் கால்நடையாக வந்தது. வழியில் அதை மறிக்க நேரமிருந்தது. இன்று அது ஒரு நொடியில் ஓராயிரம் வீட்டுக்குட் புகுகின்றது. பொய் இத்தனை மலிந்த காலத்திலேதான் “நான் போய்ப் பார்த்தேன், இருதரப்பையும் கேட்டேன்” என்று சொல்லவல்ல ஒருவரின் தேவை பன்மடங்காகின்றது.

இனி, இச்சங்கத்தை நடத்துவது எப்படி? பெரிய கட்டடம் வேண்டியதில்லை. விடுமுறை நாளிற் பள்ளிக்கூட வகுப்பறையொன்று போதும். ஒரு வாரம் கல்லடியில், மறுவாரம் களுவாஞ்சிகுடியில், அடுத்து வாழைச்சேனையில் என்று வகுப்பு ஊர் மாறி நடக்கட்டும். சட்டத்தரணிகள் சட்டத்தையும், வைத்தியர்கள் நோயும் இறப்பும் பற்றி எழுதும் முறையையும், பொறியியலாளர் குளத்தையும் அணையையும், கணக்காளர் வரவு செலவு மதிப்பீட்டையும் கட்டணமின்றிக் கற்பிக்கட்டும். மூத்த நிருபர் ஒருவர் இளையவர் இருவரின் செய்தியை வாரந்தோறும் திருத்திக் கொடுக்கட்டும்; அதுவே இழந்துபோன அந்தப் பழைய மேசையாகும். பல்கலைக்கழகம் பாடத்திட்டமும் சான்றிதழும் வழங்கட்டும்.

பணம்? கோவிலுக்கு நெல் அளக்கும் மக்கள் நாம். பெரும்போக அறுவடையில் விரும்பிய கமக்காரர் ஒரு சிறு அளவு நெல்லும், மாதச் சம்பளக்காரர் ஆண்டுக்கு ஒருநாட் சம்பளமும் கொடுத்தால் இப்பள்ளி நடக்கும். எவரிடமும் பெருந்தொகை வாங்கலாகாது. வாங்கியதும் செலவிட்டதும் ஆண்டு தோறும் பத்திரிகையில் வெளிவரவேண்டும்.

இறுதியாக, எமக்கு எதிராகவே ஒரு நிபந்தனை விதிக்கின்றோம். அரசியற் கட்சிக்காரர் எவரும் இச்சங்கத்தின் பதவி எதிலும் அமரலாகாது. எம் கட்சியினர் உட்பட. எமது கூட்டங்களுக்கு வந்த நிருபர்களின் கையில் எழுதிய அறிக்கையைக் கொடுத்து, “தம்பி, இப்படியே போடுங்கோ” என்று நாமும் சொல்லியிருக்கின்றோம். போடாதவரை மறுமுறை அழைக்க மறந்துமிருக்கின்றோம். அது குற்றமே. எம்மைப் புகழ்பவரை நிருபர் என்றும், எம்மை வினவுபவரைப் பகைவர் என்றும் எண்ணும் பழக்கம் தமிழரசியலில் எல்லாத் தரப்பாரிடமும் வேரூன்றியிருக்கின்றது. ஆளுவோரிடம் கேள்வி கேட்கத் துணியும் நிருபர், எம்மிடமும் கேட்கத் துணிய வேண்டும். எம் கணக்கு, எம் வாக்குறுதி, எம் மௌனம் யாவும் அவருடைய விசாரணைக்கு உட்பட்டவையே. அதைத் தாங்க முடியாத கட்சி மக்களின் உரிமையைப் பற்றிப் பேசுவதற்கு அருகதையற்றது.

வாவியிலே மீன் பாடுகின்றது என்று ஊரார் சொல்வர். கரையில் நின்று கேட்டவர்க்கு அது கதை. நிலவு காலத்திலே ஓடத்தில் நடுவாவிக்குப் போய், துடுப்பின் ஒரு முனையை நீருள் அமிழ்த்தி, மறுமுனையிற் காதை வைத்தவர்க்கே ஓசை கேட்கும். மக்களின் ஓசையைக் கேட்பதும் அவ்வாறே. அதற்கு ஓடம் செலுத்தவும், துடுப்புப் பிடிக்கவும், பொறுமையோடு செவி சாய்க்கவும் பழகிய இளைஞர் எமக்கு வேண்டும். சங்கம் அவர்களைப் பழக்கட்டும். பல்கலைக்கழகம் துணை நிற்கட்டும். கற்றோரும் கமக்காரரும் கைகொடுக்கட்டும். வருகின்ற பெரும்போக அறுவடைக்கு முன் முதல் வகுப்புத் தொடங்கட்டும்!